வெள்ளைப் பூவைத் தாயாக வை!

ஆம்பூர் பிரியாணியோடு வரும் கத்தரிக்காயை நமக்கு நன்றாகத் தெரியும். காய்க்கு முன்னால் வருகிற பூவைத் தெரியுமா? இதழ்கள் அடியில் ஒட்டி நட்சத்திரமாக விரிந்திருக்கும். நடுவில் மஞ்சள் மகரந்தப்பைகள் கூம்பாகக் குவிந்திருக்கும். தலையைத் தொங்கப்போட்டு இலைக்குக் கீழே ஒளிந்திருக்கும் ஊதாப் பூ அது. சில ரகங்களில் அதே பூ சுத்த வெள்ளை. இந்த ஊதாவையும் அந்த வெள்ளையையும் சேர்த்தால் பிள்ளை என்ன நிறம்? பேரப்பிள்ளை என்ன நிறம்? இதைச் செடியிடமே கேட்டுப் பதில் வாங்கும் இடத்துக்குள்தான் இப்போது நுழைகிறோம். உள்ளே போனால் வெளியே வர மனசே வராது, முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன்!

இடம் வேலூர் மாவட்டம், அணைக்கட்டுப் பக்கம் ஒரு கிணற்றுத் தோட்டம். இந்தப் பக்கத்துக்குக் கத்தரி புதிதல்ல. இங்கே இருக்கிற இலவம்பாடியின் முள்ளுக் கத்தரி 2023 பிப்ரவரியில் புவிசார் குறியீடு வாங்கியது. கொஞ்ச தூரத்தில் விரிஞ்சிபுரம். அங்குள்ள வேளாண் ஆராய்ச்சி நிலையத்தின் பெயரைத் தாங்கி ‘வி.ஆர்.எம். 1’ என்று ஒரு கத்தரி ரகமே இருக்கிறது. நாம் வந்திருக்கிற தோட்டத்தில் ஒரு தாவரவியல் பேராசிரியையும் அவருடைய மாணவிகளும் இரண்டு பாத்தி போட்டிருக்கிறார்கள். ஒரு பாத்தியில் ஊதாப் பூ, இன்னொன்றில் வெள்ளைப் பூ.

சாயங்கால வேலை

இந்த நாடகத்துக்கு மேக்கப் போடுவது சாயங்காலம் நாலு மணிக்கு மேல். மாணவிகள் குனிந்து மொட்டு தேடுகிறார்கள். எந்த மொட்டும் ஆகாது. நாளைக் காலையில் விரியப்போகிற மொட்டாக இருக்க வேண்டும். நன்றாக உப்பி, இதழ் நிறம் வெளியே தெரிந்து, வாய் மட்டும் திறக்காமல் இருக்க வேண்டும். திறந்துவிட்டால் அதன் மகரந்தமே அதன் சூலகமுடியில் விழுந்திருக்கலாம். கதை முடிந்தது.

இன்னொரு நிபந்தனையும் உண்டு. கத்தரியில் எல்லாப் பூவும் காய் பிடிக்காது. சூல்தண்டு நீண்டு மகரந்தப்பைகளுக்கு மேலே தலை நீட்டும் பூ நன்றாகக் காய்க்கும். தண்டு குட்டையாகி உள்ளேயே அமுங்கிக் கிடக்கும் பூ பெரும்பாலும் உதிர்ந்துவிடும். கத்தரி போடுகிறவர்கள் ‘பூ கொட்டுது’ என்று வருத்தப்படுவதில் இந்தக் குட்டைத்தண்டுப் பூக்களின் பங்கு பெரிது. அதனால் பேராசிரியை ஒவ்வொரு மொட்டையும் விரலால் லேசாக நிமிர்த்திப் பார்த்து, நீண்ட தண்டு உள்ளதைத்தான் தேர்ந்தெடுக்கிறார்.

இப்போது கொஞ்சம் கிட்டே வாருங்கள். கூர்மையான இடுக்கியை ஸ்பிரிட்டில் நனைத்துத் துடைக்கிறார். மொட்டின் இதழை ஒரு பக்கமாக மெல்லப் பிரிக்கிறார். உள்ளே மஞ்சள் பைகள். ஒன்றைப் பிடித்து அடியோடு கிள்ளி எடுக்கிறார். அடுத்தது. அடுத்தது. பை கசங்கக் கூடாது, சூலகத்தில் கீறல் விழக் கூடாது. கடைசிப் பையும் போனபின் நடுவில் பச்சைத் தலையோடு சூல்தண்டு மட்டும் நிற்கிறது. பட்டர் பேப்பர் கவரை மாட்டிக் காம்பில் நூல் கட்டுகிறார். ஒரு சீட்டும் தொங்குகிறது. அதில் தாயின் பெயர் முதலில், பெருக்கல் குறி, பிறகு தந்தையின் பெயர், தேதி. தாய்தான் முதலில். உலகம் முழுக்க இதுதான் வழக்கம்.

களை எடுக்க வந்த அம்மா ஒருவர் இதைப் பார்த்துக்கொண்டே இருந்தார். “இன்னா டீச்சரம்மா, பூவுக்குப் போய் கவர் மாட்டிகீறீங்க?”

“வண்டு வந்து வேற பூ மகரந்தத்தை வெச்சிடும்க்கா. நாளைக்குக் காலையில நாமதான் வைக்கணும்.”

வண்டின் மேல் ஏன் இவ்வளவு சந்தேகம்? கத்தரியின் மகரந்தப்பை நீளவாக்கில் பிளப்பதில்லை. நுனியில் சின்னத் துளைகள் மட்டும் திறக்கும். கட்டை துளைக்கும் பெரிய கருவண்டு போன்றவை பூவைக் கட்டிப்பிடித்து உடம்பை அதிரவைக்கும். அந்த அதிர்வில் துளை வழியாக மகரந்தம் பொலபொலவென்று கொட்டும். அதே வண்டு பத்துச் செடி தள்ளிப்போய் உட்காரும். ஆகவே கவர் இல்லாமல் செய்கிற கலப்பை நம்பவே முடியாது.

மறுநாள் காலை பூக்கள் விரிகிற நேரத்துக்கு எல்லோரும் ஆஜர். ஊதாப் பூவிலிருந்து ஒரு மகரந்தப்பையை எடுத்து ஊசியால் நீளவாக்கில் கீறுகிறார்கள். ஊசி முனையில் வெளிர்மஞ்சள் பொடி. கவரைத் தூக்கி, பிசுபிசுப்பான சூலகமுடியில் அதைத் தடவி, மறுபடியும் கவர். இவ்வளவுதான் கலப்பு! கூடவே எதிர்த்திசையிலும் ஒரு வரிசை செய்கிறார்கள். ஊதா தாய், வெள்ளை தந்தை. இரண்டு திசையிலும் ஒரே முடிவு வந்தால், நிறத்தைத் தீர்மானிப்பது தாய் வழியாக மட்டும் வரும் சமாச்சாரம் அல்ல என்று உறுதியாகும்.

சூட்சுமம் வெள்ளையில்தான்

“முக்கிய வரிசைக்கு ஏன் மேடம் வெள்ளைப் பூவைத் தாயா வெச்சோம்?” என்று ஒரு மாணவி கேட்க, பேராசிரியை சிரித்தார். எனக்குப் பதில் கேட்டதும் துள்ளிக் குதிக்கலாம் போலிருந்தது.

கத்தரியில் ஊதாப் பூ பொதுவாக ஓங்கு பண்பு, வெள்ளை ஒடுங்கு பண்பு. வெள்ளைத் தாயின் பூவில் ஊதாத் தந்தையின் மகரந்தம் உண்மையாகவே ஏறியிருந்தால் பிள்ளைச் செடி ஊதாவாகப் பூக்க வேண்டும். கிள்ளும்போது ஒரு பை தப்பி, தாய் தன் மகரந்தத்தாலேயே கருத்தரித்திருந்தால் பிள்ளை வெள்ளையாகப் பூக்கும். பூ வந்த அன்றே பொய்யும் மெய்யும் தெரிந்துவிடும்! ஊதாவைத் தாயாக வைத்திருந்தால் கலப்புப் பிள்ளையும் ஊதா, தப்புப் பிள்ளையும் ஊதா. கண்டுபிடிக்க வழியே இல்லை. ஒடுங்கு பண்பைத் தாய்ப்பக்கம் வைத்துவிட்டால் செடியே கலப்புக்குச் சாட்சி சொல்கிறது. வீரிய ஒட்டு விதையின் தூய்மையைப் பாத்தியில் வளர்த்துச் சோதிக்கிறவர்களுக்கும் இப்படிக் கண்ணால் தெரிகிற அடையாளங்கள்தான் பலம்.

பூவைக் கலந்தாகிவிட்டது. காய் தொங்குகிறது. காயைப் பார்த்தால் ஏதாவது தெரியுமா? ஒன்றுமே தெரியாது. காயின் சதையும் தோலும் தாயின் உடம்பு. புதிய தலைமுறை உள்ளே விதையில் இருக்கிறது. அதனால் அந்தக் காயைக் குழம்புக்குப் பறிக்காமல், சுமார் 50 நாளில் பழுத்து மஞ்சளாகும் வரை காவல் காக்க வேண்டும். ஒரு பழத்தில் நூற்றுக்கணக்கான விதைகள். ஒரு கலப்பு கைகூடினால் ஒரு பாத்திக்கே போதும்.

நாற்றங்காலில் நடந்த மாயம்

முதல் தலைமுறையை எஃப் 1 என்பார்கள். இந்தத் தோட்டத்தில் எஃப் 1 மொத்தமும் ஊதா. வெள்ளை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை என்பதை நிரூபிக்க எஃப் 1 பூக்களை வெறுமனே கவர் மாட்டி விட்டுவிடுகிறார்கள். தன் மகரந்தம், தன் சூலகம். அந்த விதையில் முளைப்பது எஃப் 2.

அந்த எஃப் 2 நாற்றுத் தட்டைத்தான் நான் பார்த்தேன். பூ வர இன்னும் வாரக்கணக்கில் நாள் இருக்கிறது. “கீழே குனிஞ்சு தண்டைப் பாருங்க” என்றார் பேராசிரியை. தென்னை நார்க் கழிவு நிரப்பிய குழிகளில் விரற்கடை உயர நாற்றுகள். வித்திலைக்குக் கீழே நூல் மாதிரித் தண்டு. பல நாற்றில் அது ஊதா, நடுநடுவே சிலவற்றில் சுத்தப் பச்சை! நிறமி உண்டாக்கும் வேலை அடியோடு நின்றுபோன செடியில் பூ மட்டுமல்ல, நாற்றுத் தண்டும் வெளுத்துவிடும். எல்லா ஜோடியிலும் இப்படி வராது, சிலவற்றில் பூ மட்டும் வெளுக்கும். இந்த ஜோடியில் வருகிறது என்று பெற்றோர் நாற்றுகளிலேயே பார்த்துவைத்திருக்கிறார்கள். பாட்டியின் வெள்ளை ஒரு தலைமுறை தாண்டிப் பேத்தியின் தண்டில் எட்டிப் பார்க்கிறது. தட்டின் ஓரத்தில் உட்கார்ந்து ஒரு மாணவி “ஊதா, ஊதா, பச்சை, ஊதா” என்று சொல்லச் சொல்ல, இன்னொருத்தி நோட்டில் கோடு போடுகிறாள். எனக்கு அந்த நோட்டைப் பிடுங்கி நானே கோடு போட வேண்டும் என்று கை பரபரத்தது!

எண்ணினால் மட்டும் போதாது

ஒரு வெள்ளைக்கு மூன்று ஊதா வரும் என்பது பத்தாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் எந்தப் பாத்தியும் கச்சிதமாக மூன்றுக்கு ஒன்று தருவதில்லை. இந்த விதியைக் கண்டுபிடித்த மெண்டலுக்கே தரவில்லை. 1866இல் அச்சான கட்டுரையில் பட்டாணியின் பூ நிறத்துக்கு அவர் கொடுத்த கணக்கு: 929 செடி, 705 ஊதா, 224 வெள்ளை. மூன்றுக்கு ஒன்று என்றால் 696.75க்கு 232.25 வந்திருக்க வேண்டும். இந்த வித்தியாசம் தற்செயலா, கணக்கே தவறா?

இங்கேதான் கை-வர்க்கச் சோதனை வருகிறது. எதிர்பார்த்ததற்கும் கிடைத்ததற்கும் உள்ள வித்தியாசத்தை வர்க்கப்படுத்தி, எதிர்பார்த்த எண்ணால் வகுத்து, இரண்டையும் கூட்ட வேண்டும். மெண்டலின் வித்தியாசம் 8.25. கணக்குப் போட்டால் 0.39 வருகிறது. இரண்டே வகை உள்ள சோதனையில் எல்லைக்கோடு 3.84. மூன்றுக்கு ஒன்று என்பது உண்மையாக இருந்தால், அந்தக் கோட்டைத் தற்செயலாகத் தாண்டுவது நூற்றுக்கு ஐந்து தடவைதான். 0.39 கோட்டுக்கு வெகு கீழே. மெண்டல் பாஸ்! இந்தச் சோதனையைக் கார்ல் பியர்சன் வெளியிட்டது 1900இல். மறக்கப்பட்டுக் கிடந்த மெண்டலை ஐரோப்பா மறுபடி கண்டெடுத்ததும் அதே 1900இல்தான். சோதிக்க வேண்டிய விதியும் சோதிக்கும் கருவியும் ஒரே வருஷம் கையில் வந்து சேர்ந்திருக்கின்றன.

எத்தனை செடி வேண்டும்? 16 செடி வளர்த்து 10 ஊதா, 6 வெள்ளை வந்தது என்று வைத்துக்கொள்வோம். மூன்றுக்கு ஒன்று என்ற கணக்கில் 1.33. சரி, பொருந்துகிறது. ஒன்பதுக்கு ஏழு என்ற இன்னொரு கணக்கில் 0.25. அதுவும் பொருந்துகிறது! இப்போது 160 செடி வளர்த்து 100க்கு 60 வரட்டும். மூன்றுக்கு ஒன்று 13.3 ஆகி வெளியே போய்விடும். ஒன்பதுக்கு ஏழு 2.54இல் நிற்கும். விகிதம் அதேதான், செடியின் எண்ணிக்கைதான் தீர்ப்பைச் சொல்கிறது. பாத்தியைப் பெரிதாகப் போடுவதற்குக் காரணம் இதுவே.

ஒன்பதுக்கு ஏழு கற்பனையல்ல. கேம்பிரிட்ஜில் மரபியலாளர்கள் பேட்சனும் புன்னட்டும் இனிப்புப் பட்டாணியில் இரண்டு வெள்ளைப் பூச்செடிகளைக் கலந்தார்கள். பிள்ளைகள் எல்லாம் ஊதா! ஒரு வெள்ளையில் ஒரு மரபணு பழுது, மற்ற வெள்ளையில் வேறொன்று பழுது. ஒன்றின் குறையை மற்றது நிரப்பியதும் நிறம் திரும்பிவிட்டது. அடுத்த தலைமுறையில் இரண்டில் எது கெட்டாலும் வெள்ளை, அதனால் ஒன்பதுக்கு ஏழு. வெள்ளை என்பது ஒரே காரணத்தால் வருவதல்ல என்று இதைவிட அழகாக யார் காட்ட முடியும்?

பூவும் தோலும் ஒரே வழி

இனி நான் சொல்லப்போவதுதான் இந்த ஊர்க்காரர்கள் எல்லோரும் கேட்க வேண்டியது. ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை என்று பாலாற்றுப் படுகை முழுக்கத் தோல் பதனிடும் ஊர்கள். குரோம் வந்து தோல் நீலமாகி ‘வெட் ப்ளூ’ என்ற பெயர் வாங்குவதற்கு முன்னால், இங்கே தோலைப் பதப்படுத்தியது ஆவாரம்பட்டை. பட்டையிலுள்ள தானின் தோலின் புரதத்தைப் பிடித்து இறுக்கி, அழுகாமல் காக்கும். ஆவாரம்பட்டையில் ஊறிய தோல் வெயில் பட்டால் சிவக்கும் என்பது தொழில் தெரிந்தவர்களுக்குப் பழைய செய்தி. அதைத் தடுக்கத்தான் கடைசியில் கடுக்காய்த் தண்ணீர்.

ஆவாரம்பட்டையில் உள்ளது சுருங்கிய தானின் என்ற வகை. கத்தரிப் பூவை ஊதாவாக்குவது ஆந்தோசயனின் என்ற நிறமி. இரண்டும் செடிக்குள் ஒரே வழியில் தயாராகின்றன! ஃபினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தில் தொடங்கி, நொதி நொதியாகக் கைமாறி, ஒரு கட்டம் வரை ஒன்றாகவே போகின்றன. வேலூரில் கிளம்பும் ஆம்பூர் பஸ்ஸும் குடியாத்தம் பஸ்ஸும் பள்ளிகொண்டா வரை ஒரே ரோட்டில் போய்ப் பிரிவது போல, லூக்கோஆந்தோசயனிடின் என்ற இடத்தில் பாதை பிரிகிறது. ஒரு பக்கம் போனால் பூவின் நிறம், மறுபக்கம் போனால் தானின். இந்த வகைத் தானினை அமிலத்தில் போட்டுச் சூடாக்கினால் சிவப்பு நிறமி வெளிவரும். ஆய்வகங்களில் தானினைக் கண்டறிய இன்றும் அதைத்தான் செய்கிறார்கள்.

பிரியும் இடத்துக்கு முன்னால் ஒரு நொதி பழுதானாலோ, வேலையை முடுக்கிவிடும் மரபணு கெட்டாலோ என்ன ஆகும்? பூவும் வெளுக்கும், தானினும் நிற்கும். மெண்டல் இதைக் கண்ணால் பார்த்திருந்தார். ஊதாப் பூப் பட்டாணியின் விதைத்தோல் சாம்பலும் பழுப்புமாக இருக்கும், வெள்ளைப் பூப் பட்டாணியின் விதைத்தோலுக்கு நிறம் இருக்காது, இரண்டும் சேர்ந்தே வருகின்றன என்று எழுதிவைத்தார். காரணம் 2010இல் கிடைத்தது. அவருடைய பூ நிறக் காரணி, இந்தப் பாதையை முடுக்கிவிடும் ஒரு கட்டுப்பாட்டு மரபணு என்று தெரிந்தது. தீவனத்துக்கு ஃபாபா பீன்ஸ் வளர்க்கும் நாடுகளில் தானின் இல்லாத ரகத்தைப் பூவைப் பார்த்தே சொல்லிவிடுகிறார்கள், அது வெள்ளையாகப் பூக்கும். இப்படிப்பட்ட செடியில் பூ நிறத்தைச் சோதிக்கிறவர் தானினையும் சேர்த்தே சோதிக்கிறார். தோலை நம்பி வாழும் ஊருக்கு இந்தப் பாத்தி அந்நியமே அல்ல, சொந்தச் சரக்கு!

நமக்கு முன்னால் எண்ணியவர்கள்

இந்தப் பாதையில் முன்னே போனவர்களும் இங்கே உண்டு. 1912இல் கோயம்புத்தூரில் நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கியது. அங்கே பார்னெல், ஜி.என். ரங்கசாமி அய்யங்கார், கே. ராமையா ஆகியோர் நெல்லைக் கலந்து, எண்ணி, குணங்கள் எப்படிக் கடத்தப்படுகின்றன என்று 1917இல் கட்டுரை வெளியிட்டார்கள். நம் கத்தரியின் கதையில் தாவரவியலாளர் ஜானகி அம்மாளைச் சொல்லாமல் இருக்க முடியாது. தலச்சேரியில் பிறந்து, சென்னை மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியையாக இருந்து, அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1931இல் முனைவர் பட்டம் பெற்றவர். பிறகு கோயம்புத்தூர் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் வேலை செய்தார். அவர் உருவாக்கிய ஒரு கத்தரி அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது.

உங்கள் வாசலிலும் உண்டு

கத்தரிக்கு நிலமும் பொறுமையும் வேண்டும். வாசலில் ஒரு சாண் மண் இருந்தால் அந்திமந்தாரை போதும். சிவப்பும் வெள்ளையும் கலந்தால் எஃப் 1 பொதுவாக இளஞ்சிவப்பு. அதை அப்படியே விட்டால் அடுத்த தலைமுறையில் ஒரு பங்கு சிவப்பு, இரண்டு பங்கு இளஞ்சிவப்பு, ஒரு பங்கு வெள்ளை. 1900இல் மெண்டலை மீட்டெடுத்தவர்களில் ஒருவரான கார்ல் காரென்ஸின் செல்லச் செடி இது. மெண்டலும் இதை விடவில்லை. ஒரே ஒரு மகரந்தத்தூளை வைத்து விதை பிடிக்கவைத்து, கருத்தரிக்க ஒரு தூளே போதும் என்று காட்டினார். இதில் ஒரு வேடிக்கை: அந்திமந்தாரையின் நிறமி ஆந்தோசயனின் அல்ல, பீட்ரூட்டில் உள்ள பீட்டாலைன் வகை. நிறமி வேறு, விளையாட்டு விதி ஒன்றே.

மாலையில் மொட்டு விரிவதற்கு முன் மகரந்தத்தாள்களை எடுத்துவிடுங்கள். விரிந்ததும் மற்ற நிறப் பூவின் மகரந்தத்தை வையுங்கள். துணியால் மூடி, காம்பில் சீட்டு கட்டுங்கள். ஒரு பூவுக்கு மிளகு மாதிரி ஒரே ஒரு கறுப்பு விதைதான். அதனால் நிறையப் பூவில் செய்ய வேண்டும். அம்மாவும் பாட்டியும் பூ பறிக்காமல் பார்த்துக்கொள்வது உங்கள் சாமர்த்தியம்.

தோட்டத்தில் எஃப் 2 நாற்றுகள் நடவுக்குப் போகின்றன. ஊதாவாகப் பூக்கப்போகிறவற்றில் மூன்றில் ஒரு பங்கு எப்போதும் ஊதாவே ஈனும், மீதி இரண்டு பங்கு வெள்ளையை ஒளித்து வைத்திருக்கும். பூவைப் பார்த்து அதைப் பிரிக்க முடியாது. வெள்ளையோடு திரும்பக் கலந்து பிள்ளைகளை எண்ணினால் தெரிந்துவிடும். பாதிக்குப் பாதி வெள்ளை வந்தால் அது ஒளித்து வைத்திருந்த செடி. மாணவிகள் அடுத்த பருவத்துக்கான சீட்டுகளை இப்போதே வெட்டி வைத்துவிட்டார்கள்.

வேலூரிலும் ஆம்பூரிலும் உள்ள ஒவ்வொரு பள்ளித் தோட்டத்திலும் இப்படி ஒரு பாத்தி வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன். மூன்றுக்கு ஒன்று என்று மனப்பாடம் செய்த பிள்ளை அதைப் பரீட்சையோடு மறந்துவிடும். தன் கையால் மகரந்தம் வைத்து, தன் கண்ணால் பச்சைத் தண்டை எண்ணி, 3.84க்குக் கீழே வருகிறதா என்று தானே கணக்குப் போட்ட பிள்ளை, அதற்குப் பிறகு யார் எதைச் சொன்னாலும் “எத்தனை செடி எண்ணினீங்க?” என்று கேட்கும். அந்தக் கேள்வியைக் கேட்கப் பழகிய பிள்ளைகள் நம் ஊரில் நிறைய வேண்டும்.